ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது, ஓட்டினால் 'அப்படி ஒரு ஃபைலே இல்லை' என்கிறது

கேள்வி: 2025 ஜனவரி 18, காலை 10.12

கோ மொழியில் ஒரு சின்ன சர்வீஸ் எழுதியிருக்கிறேன். என் டெபியன் லேப்டாப்பில் பில்ட் செய்து ஓட்டினால் நன்றாக ஓடுகிறது. அதே பைனரியை டாக்கரில் ஆல்பைன் லினக்ஸ் கன்டெய்னருக்குள் காப்பி செய்து ஓட்டினால் "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்கிறது. எல்எஸ் போட்டுப் பார்த்தேன், ஃபைல் இருக்கிறது. எக்ஸிக்யூட் பெர்மிஷனும் இருக்கிறது. டாக்கரில்தான் ஏதோ பக் என்று நினைக்கிறேன். கம்பைல் ஆகிவிட்டால் புரோகிராம் தயார், அப்புறம் மெமரியில் ஏற்றி ஓட்ட வேண்டியதுதானே?

பதில்: ஜனவரி 18, காலை 11.05

டாக்கர் பக் இல்லை. கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) சொல்வது உண்மை. ஆனால் அது இல்லை என்று சொல்வது உங்கள் ஃபைலை அல்ல, உங்கள் ஃபைல் கேட்கும் இன்னொரு ஃபைலை.

லேப்டாப்பில் அந்தப் பைனரிமேல் ரீட்எல்ஃப் என்ற கருவியை ஓட்டி புரோகிராம் ஹெடர்களைப் பாருங்கள். 'இன்டர்ப்ரட்டர்' என்று ஒரு வரி வரும். லிப்64 டைரக்டரியில் எல்டி-லினக்ஸ் என்று தொடங்கும் ஒரு ஃபைலின் முழுப் பாதை அங்கே எழுதியிருக்கும். எல்டிடி கட்டளை போட்டாலும் தெரியும். அதுதான் ஜிலிப்சி என்ற சி லைப்ரரியின் டைனமிக் லோடர், அதாவது புரோகிராமுக்குத் தேவையான லைப்ரரிகளை ஓட்டும் நேரத்தில் கொண்டுவந்து சேர்ப்பது. ஆல்பைனில் ஜிலிப்சி கிடையாது. அங்கே இருப்பது மசில் என்ற வேறொரு சி லைப்ரரி, அதன் லோடருக்குப் பெயரும் பாதையும் வேறு. கெர்னல் உங்கள் ஃபைலைத் திறந்தது, உள்ளே எழுதியிருந்த பாதையைப் படித்தது, அங்கே போய்த் தேடியது, கிடைக்கவில்லை. ஒரு எர்ரர் நம்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. எந்த ஃபைல் இல்லை என்று சொல்ல அந்த நம்பரில் இடமில்லை.

கோ என்றால் எல்லாம் ஸ்டாட்டிக்தானே, தேவையானதெல்லாம் பைனரிக்குள்ளேயே இருக்குமே என்று கேட்பீர்கள். நெட் பேக்கேஜைத் தொட்டிருந்தால், பில்ட் செய்யும் மெஷினில் சி கம்பைலரும் இருந்தால், பெயரை ஐபி முகவரியாக மாற்றும் வேலைக்காக அது சி லைப்ரரியையும் இழுத்துக்கொள்ளும். சி கோடைச் சேர்க்கும் சிகோ வசதியை அணைத்துவிட்டு மறுபடி பில்ட் செய்யுங்கள், ஓடும்.

ஜனவரி 18, காலை 11.20

விண்டோஸில் எடிட் செய்த ஷெல் ஸ்கிரிப்ட் லினக்ஸில் இதே எர்ரரைக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் வரியில் பாஷ் என்பதற்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு கேரேஜ் ரிட்டர்ன் (விண்டோஸ் வரி முடிவில் வைக்கும் குறி) ஒட்டிக்கொண்டிருக்கும். கெர்னல் அதையும் பெயரில் ஒரு எழுத்தாக எடுத்துக்கொண்டு தேடும். இரண்டும் ஒரே நோய்.

ஜனவரி 18, இரவு 10.30

கேள்வியின் கடைசி வரி நாள் முழுக்க மனதில் நின்றது. "கம்பைல் ஆகிவிட்டால் புரோகிராம் தயார்." வேலைக்குச் சேர்ந்து நான்கைந்து வருடம் வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் லிங்கருக்கு (கம்பைல் ஆன ஃபைல்களை ஒன்றாக இணைப்பது) ஒரு பக்கம், லோடருக்கு ஒரு பக்கம், இரண்டு மார்க் கேள்வி, அவ்வளவுதான்.

இப்போது டீமில் புதிதாக வரும் பிள்ளைகள் "அக்கா, லைப்ரரி இருக்கு, ஆனா இல்லேங்குது" என்று வந்தால் நான் கேட்பது ஒன்றுதான்: இதைச் சொல்றது யாரு? எர்ரரை அப்படியே தேடுபொறியில் போடுவதற்கு முன்னால் இதற்குப் பதில் தெரிய வேண்டும். ஏனென்றால் பேசுகிறவர்கள் நான்கு பேர், ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாது.

கம்பைலர் ஒரு நேரத்தில் ஒரு சி ஃபைலை மட்டும் பார்க்கும். அடுத்த ஃபைலில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. "அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்", "மல்டிபிள் டெஃபினிஷன்" இரண்டும் லிங்கரின் குரல். கோடில் செமிகோலன் தேடிப் பயனில்லை. "எக்ஸெக் ஃபார்மட் எர்ரர்" கெர்னலுடையது. ஆர்ம் சிப்புக்கு பில்ட் செய்ததை இன்டெல் மெஷினில் ஓட்டினால் பெரும்பாலும் இதுதான் வரும். "கெனாட் ஓப்பன் ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைல்", "சிம்பல் லுக்அப் எர்ரர்" என்று வந்தால் டைனமிக் லோடர் பேசுகிறது. அதாவது கெர்னல் தன் வேலையை முடித்துவிட்டது, பெரும்பாலும் உங்கள் மெயின் ஃபங்ஷன் இன்னும் தொடங்கவில்லை.

ஜனவரி 19, காலை 7.50

லிங்கரோடு எனக்கு முதல் சண்டை கல்லூரி லேபில். ஸ்கொயர்ரூட் கூப்பிடும் ஒரு புரோகிராம். கணித லைப்ரரிக்கான எல்எம் கொடியை என் ஃபைல் பெயருக்கு முன்னால் எழுதியிருந்தேன். அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ். பக்கத்து மேசையில் அதையே கடைசியில் எழுதியவளுக்கு ஓடியது. லேபில் இருந்தவர் "கடைசில போடும்மா" என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

ஏன் என்றால்: லிங்கர் கட்டளை வரியை இடமிருந்து வலமாகப் படிக்கிறது. லைப்ரரி என்பது ஆப்ஜெக்ட் ஃபைல்களை, அதாவது கம்பைலர் தரும் ஃபைல்களை, ஒன்றாகக் கட்டிய மூட்டை. மூட்டையைப் பிரிக்கும் நேரத்தில் கையில் நிறைவேறாத பெயர்கள் என்னென்ன இருக்கின்றனவோ, அவற்றுக்குப் பதில் தரும் ஃபைலை மட்டும் உருவிக்கொண்டு மற்றதை விட்டுவிட்டுப் போகிறது. என் ஃபைல் அப்போது படிக்கப்படவே இல்லை. யாரும் எதுவும் கேட்காத நேரத்தில் மூட்டை கடந்து போய்விட்டது.

ஜனவரி 19, இரவு 9.15

காலையில் எழுதியதில் ஒரு பிழை. மூட்டை விளக்கம் ஸ்டாட்டிக் லைப்ரரிகளுக்குச் சரி. ஆனால் எங்கள் லேபில் இருந்தது உபுண்டு, அதில் கணித லைப்ரரி ஷேர்டு லைப்ரரியாகத்தான் வந்து சேரும், அதாவது பைனரிக்குள் சேராமல் ஓட்டும்போது லோடர் கொண்டுவருவது. அதற்குக் காரணம் வேறு. உபுண்டுவின் ஜிசிசி 'ஆஸ் நீடட்' என்ற கொடியைத் தானாகவே லிங்கருக்குக் கொடுக்கிறது. அதுவரை யாருக்கும் தேவைப்படாத ஷேர்டு லைப்ரரியை அந்தக் கொடி கழித்துவிடும். விளைவு ஒன்று, வழி வேறு.

இன்னொன்று, இந்த வரிசைக் கண்டிப்பு குனு லிங்கரின் பழக்கம். எல்எல்டி, மோல்ட் என்ற வேறு லிங்கர்கள் இரண்டும் தாண்டி வந்த மூட்டையில் என்னென்ன பெயர்கள் இருந்தன என்பதை நினைவில் வைத்துக்கொள்ளும், பின்னால் தேவைப்பட்டால் போய் எடுத்துவரும். 2021 டிசம்பரில் மோல்டின் 1.0 வந்ததும் எங்கள் புராஜெக்டை அதற்கு மாற்றினோம். வேகத்துக்காக மாற்றினோம். ஆனால் அதுவரை மேக்ஃபைலில் வரிசை தவறாக எழுதியதெல்லாம் சத்தமில்லாமல் ஓட ஆரம்பித்தது. சில மாதம் கழித்து ஒரு வாடிக்கையாளர் குனு லிங்கரில் பில்ட் செய்தபோதுதான் வெளியே வந்தது.

ஜனவரி 20, இரவு 11.00

"லிங்கர் ஃபைல்களை ஒட்டுகிறது, அவ்வளவுதானே" என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். ஒட்டுவது சுலபமான பாதி. கணக்குதான் மீதிப் பாதி.

இன்டெல் சிப்புக்கு பில்ட் செய்யும்போது கம்பைலர் ஒரு ஃபங்ஷன் அழைப்பைப் பார்த்தால் ஈ8 என்ற ஒரு பைட்டை எழுதி, அதற்குப் பின்னால் நான்கு பைட் பூஜ்யத்தை வைக்கிறது. எங்கே தாவ வேண்டும் என்று அதற்குத் தெரியாது. ஓரமாக ஒரு சீட்டும் எழுதி வைக்கிறது: இந்த இடத்தில் இந்தப் பெயரின் முகவரியை நிரப்பவும், சேர்க்கை −4. இதற்குப் பெயர் ரீலொகேஷன். எல்லா ஃபைலையும் அடுக்கி முடித்த பிறகு லிங்கர் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுக்கும். கூப்பிடப்படும் ஃபங்ஷன் 5100-இல் உட்கார்ந்துவிட்டது, நிரப்ப வேண்டிய இடம் 5010 என்று வையுங்கள். 5100 − 4 − 5010 = 86. பூஜ்யம் இருந்த இடத்தில் 86 போகும். அந்த −4 எதற்கு? ப்ராசஸர் தூரத்தை அளப்பது அடுத்த கட்டளை தொடங்கும் இடத்திலிருந்து. அது நிரப்பும் இடத்துக்கு நான்கு பைட் தள்ளி 5014-இல் இருக்கிறது. 5014 + 86 = 5100.

ஒரு முறை இதைக் கையால் போட்டுப் பாருங்கள். ஆப்ஜெக்ட் டம்ப் கருவியில் லிங்க் செய்வதற்கு முன் ஒன்று, பின் ஒன்று. நான் முதல் முறை கணக்குப் போட்டு எண் பொருந்தியபோது ராத்திரி ஒரு மணி. வீட்டில் எழுப்பிச் சொல்ல யாருமில்லையே என்று இருந்தது.

இந்த யோசனை எவ்வளவு பழையது என்றால், 1949-இல் கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினிக்கு டேவிட் வீலர் எழுதிய இனிஷியல் ஆர்டர்ஸின் இரண்டாம் வடிவத்திலேயே இருக்கிறது. மொத்தம் 41 கட்டளை. பேப்பர் டேப்பில் வரும் சப்ரூட்டீனை வாசிக்கும்போதே, குறிப்பிட்ட எழுத்தில் முடியும் கட்டளைகளின் முகவரியோடு அந்த சப்ரூட்டீன் தொடங்கும் இடத்தைக் கூட்டிவிடும். இன்றைய லோடர் செய்வதும் அந்தக் கூட்டல்தான்.

ஜனவரி 21, காலை 6.40

"மெமரியில் ஏற்றி ஓட்ட வேண்டியதுதானே" என்று எழுதியிருந்தீர்கள். ஏற்றுவதே இல்லை. 200 எம்பி பைனரி நொடியில் தொடங்குவது எப்படி? ஃபைலின் இந்தப் பகுதி மெமரியின் இந்த இடத்தில் இருப்பதாக வைத்துக்கொள் என்று கெர்னல் ஒரு பதிவு மட்டும் போடுகிறது. ப்ராசஸர் அந்த இடத்தைத் தொடும்போதுதான் அந்த 4096 பைட் பக்கம் உண்மையில் உள்ளே வரும்.

இதைத் தெரியாமல் நான் செய்த காரியம். ஒரு வாடிக்கையாளரின் சர்வரில், ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ் பயன்படுத்தும் ஷேர்டு லைப்ரரிக்குத் திருத்தம். புதியதை சிபி கட்டளையால் பழையதன் மேலேயே காப்பி செய்தேன். 'மறுநாள் ரீஸ்டார்ட் செய்துகொள்ளலாம்' என்று எண்ணம். பழையது மெமரியில் ஏற்கெனவே இருக்கிறது, ஃபைலை மாற்றினால் என்ன என்று நினைத்தேன். அடுத்த நிமிடம் எல்லா ப்ராசஸும் ஒவ்வொன்றாக விழுந்தன. சிபி பழைய ஃபைலையே காலி செய்து அதற்குள்ளேயே எழுதுகிறது, ஐநோட் (டிஸ்க்கில் அந்த ஃபைலின் அடையாளப் பதிவு) மாறுவதில்லை. ஓடிக்கொண்டிருந்த ப்ராசஸ்களின் காலடியில் இருந்த கோடு மாறிவிட்டது. புதியதை வேறு பெயரில் அதே டிஸ்க்கில் வைத்து எம்வி செய்திருந்தால் பழைய ஐநோட் அவர்களிடமே இருந்திருக்கும். முக்கிய எக்ஸிக்யூட்டபிளின் மேல் எழுதப் போனால் "டெக்ஸ்ட் ஃபைல் பிஸி" என்று தடுத்துவிடும். லைப்ரரிக்கு அந்தக் காவல் இல்லை.

அன்று சர்வீஸ் விழுந்து கிடந்த நேரம் பதினெட்டு நிமிடம். இன்னும் நினைவிருக்கிறது.

ஜனவரி 22, இரவு 10.10

லோடரே இல்லாத இடத்தில் வேலை பார்த்த பிறகுதான் லோடர் என்ன செய்கிறது என்று எனக்குப் புரிந்தது. அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

முன்பு எம்பெடட் வேலை. எஸ்டிஎம்32 சிப், ஓஎஸ் கிடையாது. ஃப்ளாஷ் மெமரி ஹெக்ஸில் 08000000-இல் தொடங்கும், ரேம் 20000000-இல். கோடு ஃப்ளாஷிலிருந்தே ஓடும். ஆனால் ஆரம்ப மதிப்புள்ள குளோபல் வேரியபிள்கள் ஓடும்போது மாற வேண்டும், ஆகவே ரேமில் இருக்க வேண்டும். மின்சாரம் போட்டதும் ரேமில் என்ன இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படியானால் 'டைம்அவுட் = 500' என்று எழுதிய அந்த 500 எங்கிருந்து வருகிறது? லிங்கர் அதற்கு இரண்டு முகவரி கொடுக்கிறது: ஃப்ளாஷில் தூங்கும் இடம் ஒன்று, ரேமில் வாழும் இடம் ஒன்று. மெயினுக்கு முன்னால் ஸ்டார்ட்அப் கோடு ஒரு லூப் போட்டு முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குக் காப்பி செய்கிறது. மதிப்புக் கொடுக்காத வேரியபிள்கள் பிஎஸ்எஸ் பகுதி. அவற்றை இன்னொரு லூப் பூஜ்யமாக்குகிறது.

எங்கள் போர்டில் டைம்அவுட் சில நாள் 500, சில நாள் ஏதேதோ எண். மூன்று நாள் சால்டரிங்கைச் சந்தேகப்பட்டோம். பவர் சப்ளையை மாற்றினோம். கடைசியில் லிங்கர் ஸ்கிரிப்ட்டில் யாரோ டேட்டா பகுதியின் முடிவைக் குறிக்கும் சிம்பலை ஒரு வரி மேலே நகர்த்தியிருந்தார்கள். காப்பி லூப் கடைசிச் சில வேரியபிள்களைத் தொடாமலே நின்றுவிட்டது. பவரை உடனே அணைத்துப் போட்டால் முந்தைய சரியான பில்ட் ரேமில் வைத்த 500 அழியாமல் இருக்கும், ஆகவே மேசையில் எல்லாம் சரி. இரவு முழுக்க அணைந்து கிடந்தால் காலையில் கோளாறு.

லினக்ஸில் இதே வேலையைக் கெர்னலும் லோடரும் நமக்காகச் செய்துவிடுகின்றன. பத்து லட்சம் இன்டிஜரில் ஒரு குளோபல் அரே வைத்துப் பாருங்கள், பைனரியின் அளவு அதிகமாகாது. முதல் இடத்தில் 1 என்று மதிப்புக் கொடுங்கள், ஃபைல் ஏறக்குறைய 4 எம்பி ஏறிவிடும்.

ஜனவரி 23, மதியம் 1.30

கேள்வி கேட்டவர்: சிகோவை அணைத்ததும் ஓடிவிட்டது, இனி எல்லாவற்றையும் ஸ்டாட்டிக்காகவே பில்ட் செய்யப் போகிறேன் என்கிறார்.

கோவுக்கு நல்லது. சியில் ஜிலிப்சியோடு அவசரப்பட வேண்டாம். பெயரை ஐபி முகவரியாக மாற்றும் கெட்அட்ரின்ஃபோ ஃபங்ஷனைக் கூப்பிடும் புரோகிராமை ஸ்டாட்டிக்காக லிங்க் செய்தால் லிங்கரே எச்சரிக்கும்: ஓடும் மெஷினில் இதே வெர்ஷன் ஜிலிப்சியின் ஷேர்டு லைப்ரரிகள் வேண்டும் என்று. பெயர் தேடும் பகுதிகளை ஜிலிப்சி ஓடும்போதுதான் திறக்கிறது.

ஜனவரி 24, இரவு 11.45

ஜிலிப்சி பேச்சு வந்ததால். உபுண்டு 22.04-இல் பில்ட் செய்ததை ரெட்ஹாட் 8-இல் ஓட்டினால் "ஜிலிப்சி 2.34 நாட் ஃபவுண்ட்". வெறும் பிரின்ட்எஃப் மட்டும் உள்ள புரோகிராமுக்கும் அதே கதி. 2.34-இல் வந்த புதிய ஃபங்ஷன் எதையும் நான் தொடவே இல்லையே என்று குழம்பினேன். தொட்டது நான் அல்ல. மெயினைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஓடும் லிப்சி-ஸ்டார்ட்-மெயின் என்ற ஃபங்ஷனுக்கே 2021-இல் வந்த 2.34 புதிய வெர்ஷன் எண் கொடுத்துவிட்டது. அது இல்லாமல் எந்த சி புரோகிராமும் தொடங்காது. ரெட்ஹாட் 8-இல் இருப்பது 2.28. பழையதில் பில்ட் செய்து புதியதில் ஓட்டலாம், எதிர்த்திசை கிடையாது. இப்போது ரிலீஸ் பில்ட் எல்லாம் பழைய கன்டெய்னரில்தான் செய்கிறோம்.

இந்த வெர்ஷன் எண்கள் வெறும் தொல்லை இல்லை. 2010-இல் ஃபெடோரா 14-இல் 64 பிட் ஃப்ளாஷ் பிளேயரின் ஒலி கெட்டுப்போனது. மெமரியில் பைட்டுகளைக் காப்பி செய்யும் ஜிலிப்சியின் மெம்காப்பி ஃபங்ஷன் வேகத்துக்காகப் பின்னாலிருந்து காப்பி செய்ய ஆரம்பித்திருந்தது. ஃப்ளாஷ் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடங்களுக்கு, கூடாது என்று விதி இருந்தும், மெம்காப்பியைப் பயன்படுத்தியிருந்தது. தவறு யாருடையது என்று பெரிய வாக்குவாதம், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே இறங்கிப் பேசினார். ஜிலிப்சி 2.14-இல் மெம்காப்பிக்குப் புது வெர்ஷன் எண் கொடுத்தார்கள். பழைய பைனரிகள் பழைய எண்ணைக் கேட்டால் பத்திரமான பழைய நடத்தை கிடைக்கும். எனக்கு இது மிகவும் பிடித்த தீர்வு. பழைய புரோகிராமை எழுதியவர் இன்று இல்லாமல் போனாலும் அவருக்குக் கொடுத்த வாக்கை லோடர் காப்பாற்றுகிறது.

ஜனவரி 26, காலை 9.00

மெயினுக்கு முன்னால் இவ்வளவு நடக்கிறது என்பது ஏன் முக்கியம் என்று ஒருவர் கேட்டார். அதற்குப் பதில், எக்ஸ்ஸெட் என்ற ஃபைல் சுருக்கும் லைப்ரரியின் விவகாரம்.

2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ரோய்ண்ட் இதை வெளியிட்டார். அவர் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் டெவலப்பர். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் சுமார் அரை விநாடி தாமதமானதைக் கவனித்து, விடாமல் தோண்டி, எக்ஸ்ஸெட் 5.6.0, 5.6.1 இரண்டிலும் கள்ளக் கதவு இருப்பதைக் கண்டுபிடித்தார். எஸ்எஸ்எச் சர்வர் அந்தச் சுருக்கும் லைப்ரரியை நேரடியாகப் பயன்படுத்துவதில்லை. சில லினக்ஸ் விநியோகங்கள் எஸ்எஸ்எச் சர்வரைச் சிஸ்டம்டி (சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிப்பது) லைப்ரரியோடு இணைத்திருந்தன, அந்த லைப்ரரி எக்ஸ்ஸெட்டை இழுத்து வந்தது. லோடருக்கு யார் எதற்கு என்ற கேள்வி இல்லை, பட்டியலில் இருந்தால் உள்ளே கொண்டுவரும்.

வந்ததும் எப்படி ஓடியது? ஐஃபங்க் என்று ஒரு வசதி: ஒரே ஃபங்ஷனுக்குப் பல வடிவங்கள் இருந்தால், இந்தச் சிப்புக்கு எது சரி என்று தேர்ந்தெடுக்கும் சின்ன கோடு, ரீலொகேஷன் நடக்கும் நேரத்திலேயே ஓடும். மெயின் தொடங்கவில்லை. முகவரிகளை நிரப்பும் ஜிஓடி அட்டவணை இன்னும் எழுதக்கூடிய நிலையில் இருக்கிறது, பூட்டுவது அதற்குப் பிறகுதான். அந்த இடைவெளியில் புகுந்து, லோடரின் ஆடிட் (கண்காணிப்பு) வசதியையே பிடித்துக்கொண்டு, ஆர்எஸ்ஏ சரிபார்க்கும் ஃபங்ஷனின் இடத்தில் தன்னுடையதை வைத்தது. இதைச் செய்தவருக்கு லோடர் தெரிந்திருந்த அளவுக்கு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த வாரம் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை.

ஜனவரி 26, இரவு 8.20

காலையில் அதை எழுதிவிட்டு, முதல் குறிப்பில் நானே சொன்னது உறுத்துகிறது. எல்டிடி போட்டுப் பாருங்கள் என்று சாதாரணமாக எழுதிவிட்டேன். உங்கள் சொந்தப் பைனரி என்பதால் ஆபத்தில்லை. ஆனால் எல்டிடி ஃபைலை வெறுமனே வாசிப்பதில்லை, லோடரைக் கொண்டு அதை ஏற்றிப் பார்க்கிறது. சில சூழ்நிலைகளில் அந்தப் புரோகிராமின் கோடே ஓடிவிடலாம். எங்கிருந்தோ இறக்கிய, நம்பிக்கை இல்லாத ஃபைலின் மேல் எல்டிடி வேண்டாம். ரீட்எல்ஃப் டைனமிக் பகுதியில் 'நீடட்' என்று வரும் வரிகளைப் பாருங்கள், அது வாசிப்பதோடு நின்றுவிடும்.